சென்னீர்குப்பத்தில் ஒரு உபவாச வெள்ளி

பினாங்கிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பல் ஏறுகிறவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. பார்சல் வண்டியாகத்தான் பார்க்கிறார்கள். என் பெட்டியிலும் பாதிக்கு மேல் அடுத்தவர் சாமான். தைலக் குப்பிகள், பூப்போட்ட கைலிகள், பிஸ்கட் டின்கள், யாரோ ஒருவருடைய மச்சானுக்கு ஒரு டார்ச் லைட். சுங்க அதிகாரிகளிடம் பல்லைக் காட்டித் தப்பித்து, எல்லாவற்றையும் உரியவர்களிடம் சேர்த்துவிட்டேன். மிச்சமிருந்தது சாமுவேல் வீட்டுக்குச் சேர வேண்டியது. அது பெட்டியில் இல்லை. சாமுவேல் இறந்துவிட்டான் என்று அவன் அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும்.

சாமுவேலும் நானும் துறைமுகக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தவர்கள். நான் கணக்கு எழுதுகிறவன், அவன் மூட்டை அடுக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. மளிகைக் கடை மாடியில் ஒரே அறையில் வருடக்கணக்காகக் குடியிருந்தோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கொப்பரை மூட்டை அடுக்கு சரிந்து அவன்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கிடங்கிலிருந்து அடித்த தந்தி, அவன் வீட்டார் காலி செய்துவிட்ட பூந்தமல்லி வீட்டைத் தேடிப் போய் எங்கேயோ தொலைந்தது. அவர்கள் சென்னீர்குப்பத்துக்குக் குடி மாறிய சேதி, அவனைப் புதைத்த பிறகுதான் எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தது. சாமுவேல் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாலே அதிசயம், அதனால் வீட்டில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். நான் எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. என் அம்மா நேர்ந்துகொண்ட வேளாங்கண்ணி வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. எப்படியும் தமிழ்நாட்டுக்குப் போகத்தானே போகிறோம், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தைரியசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆவடிக்கு ரயில் ஏறினேன். கரி வண்டி. பினாங்கில் காலையில் வெள்ளைச் சட்டை போட்டால் மாலை வரைக்கும் அது வெள்ளைச் சட்டைதான். இங்கே வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் என் காலர் சாம்பல் நிறமாகிவிட்டது. எதிரே தூக்குச் சட்டியோடு இரண்டு தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. ரேஷன் கடையில் அரிசி போட்டார்களா என்று ஒருவர் கேட்டார். கல் போட்டார்கள், நடுவில் கொஞ்சம் அரிசியும் கிடந்தது என்றார் மற்றவர். இருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

ஆவடியில் பூந்தமல்லி பஸ் பிடித்தேன். பருத்திப்பட்டு அருகே கூவம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். நான் கப்பலில் வந்தவன், நல்ல பேண்ட் போட்டிருக்கிறேன் என்கிற தோரணையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை.

“எறங்கி ஒரு கை குடு நைனா. நீ குந்திகினு வேடிக்க பாத்தா வண்டி போவுமா?”

தள்ளினேன். கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் இங்கே அது வேறு ஆறு. மணலுக்கு மேல் தெளிந்த தண்ணீர் ஓடியது. பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆற்றைத்தான் சாமுவேல் பினாங்குக் கடலோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவான். வண்டி கிளம்பாமலே போனால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. பாழாய்ப்போன வண்டி உடனே கிளம்பிவிட்டது.

சென்னீர்குப்பத்தில் இறங்கி, முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் எஸ்தர் அம்மாள் வீடு எது என்று கேட்டேன். கொண்டையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. “வேதக்கார அக்கா ஊடா? நம்ம ஊட்டுக்குப் பக்கந்தான்” என்று முறத்தை வைத்துவிட்டு அவரே கூட்டிக்கொண்டு போனார். பெயர் கன்னியம்மா. நான் பினாங்கிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் எனக்கு முன்னால் ஓடினார். நான் வாசலுக்குப் போவதற்குள் சாமுவேலிடமிருந்து ஆள் வந்திருப்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எஸ்தர் அம்மாள் குள்ளமான, கெட்டியான மனுஷி. கணவர் பூந்தமல்லியில் ஒரு மிஷன் பங்களாவில் தோட்ட வேலை செய்து, அங்கேயே இறந்தவர். இப்போது இளைய மகன் தாவீதோடும் அவன் மனைவி மேரியோடும் ஓட்டு வீட்டில் இருந்தார். மூத்தவள் சாராளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எஸ்தர் அம்மாள் வாசலுக்கே இறங்கி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, அந்தக் கைகள்தான் தன் மகனோடு சாப்பிட்டவை என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ரயில் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“பேச்செல்லாம் அப்பால தம்பி. மொதல்ல ஜெபம் பண்ணிக்கலாம்” என்றார்.

நாங்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்; இவர்கள் புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள். எங்கள் வீட்டில் ஜெபம் என்பது அம்மாவின் இலாகா. சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததைச் சொல்லி முடித்தால் தீர்ந்தது. நான் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் தலைகாட்டுகிறவன். இங்கே சொரூபமும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. ஆளுக்கொரு திசையில் முட்டிபோட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். எஸ்தர் அம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தொடங்கினார். சந்தைக் கடைத் தமிழ் பேசுகிறவர், ஜெபத்தில் அப்படியே வேதாகமத் தமிழுக்கு மாறிவிட்டார். கர்த்தாவே, பரம தகப்பனே, அந்நிய தேசத்திலிருந்து இந்தச் சகோதரனைச் சேதமின்றி வழிநடத்தினீரே, உமக்கு ஸ்தோத்திரம். பிறகு பிள்ளைகளின் பெயரை வயது வரிசையில் சொன்னார். சாராளுக்குச் சுகம் கேட்டார். சாமுவேல் பெயர் வந்ததும் வேதாகமத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது.

“அவனுக்குப் பனி ஆவாதுப்பா. காலைல எந்திரிச்சா இருமிகினே கெடப்பான். கழுத்துல துணி சுத்திக்கச் சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டான், நீ சொல்லு.”

பினாங்கில் பனி கிடையாது. ஆனால் இருமல் உண்மை. மாதக்கணக்காக அந்த அம்மாள், மண்ணுக்குள் கிடக்கிறவனின் இருமலுக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்தார்கள். நான் எல்லோருக்கும் பிறகுதான் எழுந்தேன்.

சாப்பாடு போட்டார்கள். ரேஷன் அரிசியில் மேரி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கியிருக்கிறாள், ஒன்றுகூடப் பல்லில் படவில்லை. கருவாட்டுக் குழம்பு, மொச்சை, புளிப்பு ஏறிய மாங்காய். அங்கே சாமுவேல் என்ன சாப்பிடுவான் என்று கேட்டார்கள். அது பத்திரமான பேச்சு. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றைப் பற்றியும், நெத்திலி சம்பலைப் பற்றியும், சீனன் கடைக் கறுப்புக் கோப்பியைப் பற்றியும் நீட்டி முழக்கினேன். அவன் சமைத்த ரசம் எப்படி எப்போதும் தீய்ந்துபோகும் என்பதைச் சொன்னபோது எஸ்தர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அப்படியும் தட்டைப் பார்த்தபடியேதான் பேசினேன்.

புதன்கிழமை தாவீது என்னை அம்பத்தூருக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே புதிதாக வந்திருந்த தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் அவன் கடைசல் வேலை செய்தான். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்துக்கொண்டான். நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் புகைக்கூண்டு முளைத்திருப்பதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டே வந்தான். நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் இப்போது சங்கு ஊதினால் எழுந்து ஓடுகிறார்கள் என்றான். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பின் சக்கரம் பஞ்சர் ஆகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் பஞ்சர் கடை இல்லை. இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அங்கேதான் சொன்னேன்.

அவன் நின்றான். எப்போது என்று கேட்டான். மழைக்காலத்தில் என்றேன். அம்மா நேற்று இருமலுக்கு ஜெபம் செய்ததைச் சொல்லி லேசாகச் சிரித்தான். அப்புறம் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். அவன் தோள்கள் குலுங்கி அடங்கும்வரை நான் பஞ்சரான டயரை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதுமே வராது.

“வெள்ளிக்கெழமை வரிக்கும் வாயத் தொறக்காத அண்ணாத்தே” என்றான் கடைசியில். “அண்ணன் ஊட்டுக்கு வந்து சேரணும்னு அம்மா வருசம் பூரா வெள்ளிக்கெழமையில பச்சத் தண்ணி குடிக்காம கெடந்துகீது. இந்த வெள்ளியோட பொருத்தன முடியுது. அத முடிக்கட்டும். நடுவுல சொன்னா, நான் ஒழுங்கா கேக்கல, அதான் ஆண்டவரு குடுக்கலன்னு தன்னையே திட்டிக்கும்.”

அவன் பயம் அதுமட்டும் இல்லை. திரும்பி நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அப்பா செத்தபோதும், மேரிக்குக் குழந்தை தங்காமல் போனபோதும், அவனுக்குப் பட்டறையில் கை நசுங்கியபோதும் அம்மா முட்டிபோட்டுத்தான் வீட்டை நிமிர்த்தியிருக்கிறார். அந்த முட்டி மடிய மறுத்துவிட்டால் வீட்டில் மற்ற யாருக்கும் நிற்கத் தெரியாது. கேட்டதற்குப் பதிலாகச் சாவுச் செய்தி வந்தால் அம்மா இனி யாரிடம் போய்க் கேட்பார் என்றான். வெள்ளி வரை பொறுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை வீட்டில் இருக்கப் பயந்து பூந்தமல்லிக்கு நடந்தே போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடை கூடையாக மல்லிகையை ஈரச் சாக்கில் போட்டு மெட்ராஸுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவெல்லாம் கல்யாண வீட்டு வாசனை. எனக்கு அந்த வாசனையே சவப்பெட்டியைத்தான் ஞாபகப்படுத்தியது. ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். பினாங்கில் தமிழன் கடை இட்லி கல்லாக இருக்கும், அதற்காக அங்கே எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். இங்கே பஞ்சுபோல் இருந்தது, ருசி தெரியவில்லை. குமணன்சாவடி முனையில் பெங்களூர் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. சாலையைக் கடக்கக் காத்து நின்றபோது ஒருவர் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தினார். குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார், வேட்டி நனைந்திருந்தது.

அவர்தான் எஸ்தர் அம்மாள் போகிற சபையின் உபதேசியார். ஐயர் என்று அவர்கள் அழைக்கிற பாதிரியார் மாதத்துக்கு ஒரு முறை வருவார், மற்ற நாட்களுக்கெல்லாம் இவர்தான். நல்ல மனிதர், களைத்த முகம். நாளைய உபவாச ஜெபத்தில் சாமுவேலுக்காக நான் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட இருந்தவன் வாயால் கேட்டால் அந்தத் தாய்க்கு எவ்வளவு திருப்தியாக இருக்கும் என்றார். நான் ஆர்.சி., எனக்கு மனப்பாட ஜெபம்தான் தெரியும், சொந்தமாகச் சொல்ல வராது என்று நழுவப் பார்த்தேன். அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

“அதுல இன்னா கீது? மனசுல கீறத வாயால சொல்லுங்க, அதான் ஜெபம்.”

அதுதானே வம்பு. மனதில் இருந்ததை வாயால் சொல்லக் கூடாது என்றுதானே இரண்டு நாளாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் முழுவதும் யோசித்துப் பார்த்தேன். ஒரு தாயிடம் உண்மையை இரண்டு நாள் மறைப்பது ஒன்று. செத்துப்போனவனைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பீராக என்று கடவுளிடமே கேட்பது வேறு. சாமுவேலின் குழிக்கு நானே மண் தள்ளியிருக்கிறேன். பக்தி எனக்குக் கிடையாது, ஆனால் பயம் உண்டு. அவன் எங்கள் அறையில் தினமும் கட்டிலோரத்தில் முட்டிபோட்டு, மேஸ்திரியிடம் லீவு கேட்கிற கூலியாள்போல் கடவுளிடம் சத்தமாகப் பேசுவான். நான் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்திருப்பேன். கொஞ்சம் காது கொடுத்திருந்தால் எப்படிப் பேசுவது என்றாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வீடு கொள்ளாமல் பெண்கள் வந்துவிட்டார்கள். நாற்காலியும் பெட்டியும் வெளியே போய்விட்டன, பாய்தான். எல்லோரும் வெளுத்த சேலை கட்டி முக்காடு போட்டிருந்தார்கள். கன்னியம்மாவும் பொட்டோடும் பூவோடும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தன் மகனுக்கு ஆவடியில் வேலை கிடைக்க மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார், இங்கேயும் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம் என்று வந்திருக்கிறார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் குறையைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து அதற்காக ஜெபித்தார்கள். குடிகாரக் கணவன், கண் தெரியாத மாமியார், பிள்ளையில்லாதவள், கடைசியாகக் கன்னியம்மாவின் மகன். பாயில் உட்கார்ந்து கேட்கக் கேட்க, இந்த ஊரின் துக்கமெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் இந்த வீட்டில்தான் இறங்குகிறது போலும் என்று எனக்குத் தோன்றியது.

நடு மத்தியானம் உபதேசியார் என் பக்கம் திரும்பினார். எஸ்தர் அம்மாள் எனக்கு நேர் எதிரே இருந்தார். உதடு வெடித்திருந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. தாவீது சுவரோரத்தில் தலை குனிந்து நின்றான். முட்டிபோட்டுக் கண்ணை மூடினேன்.

இந்த வீட்டுக்காக நன்றி என்றேன். சாப்பாட்டுக்காக நன்றி, மழைக்காக நன்றி, என்னைச் சேர்த்துக்கொண்ட இவர்களுக்காக நன்றி. பரவாயில்லை, வருகிறதே என்று எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்து சாமுவேல் என்று பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. சுகமாக வை என்று சொல்ல முடியாது. கொண்டுவந்து சேர் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இறந்தவர்களின் இளைப்பாறுதலுக்காக எங்கள் கோவிலில் சொல்கிற ஜெபம்தான். அதை இங்கே எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஜெபத்தில் ஒருவர் திக்கினால் மற்றவர்கள் ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று முணுமுணுத்துத் தாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். தாங்கினார்கள். என் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்த ஒரு அம்மாள், பரிசுத்த ஆவியானவர் சகோதரனைத் தொடுகிறார் என்று குரலை உயர்த்தினார். உடனே மற்றவர்களும் சத்தத்தைக் கூட்டினார்கள். நான் பேசாமலிருக்க இருக்க, அவர்களுக்குச் சந்தோஷம் பெருகிக்கொண்டே போனது. கை தட்டினார்கள். கன்னியம்மாகூடக் கை தட்டினார். ஒருவருடைய குரல் மட்டும் அதில் இல்லை என்று உணர்ந்து கண்ணைத் திறந்தேன். எஸ்தர் அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அவனுக்காவ கேக்க ஒண்ணும் இல்லியா?”

அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் சத்தமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“கேக்குறதுக்கு அவனே இல்லியா?”

நான் தலையைத் தரையில் வைத்துவிட்டேன். தாவீது சுவரோடு சரிந்து உட்கார்ந்து அம்மா என்று அழுதான். எஸ்தர் அம்மாள் அழவில்லை. நான் பாதியில் விட்ட ஜெபத்தை யாராவது முடித்தாக வேண்டும் என்பதுபோல் “ஆமென்” என்றார். கன்னியம்மாதான் முதலில் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார். உபதேசியார் தடுக்கப் போனார். எஸ்தர் அம்மாள் வேண்டாம் என்று கையைக் காட்டினார். உபவாசம் முடிய வேண்டிய நேரம் வரைக்கும் முட்டிபோட்டபடியே இருந்தார். உதடு அசையவே இல்லை. பிறகு மேரி கொடுத்த கஞ்சியை வாங்கிக் குடித்தார். பொருத்தனையைக் குறையில்லாமல் முடித்துவிட்டார்.

சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். வலித்ததா, ஏதாவது சொன்னானா, யார் தூக்கிக்கொண்டு போனது, எந்த மண். ஒரு சீனப் பாதிரியார் ஆங்கிலத்தில் ஜெபித்ததைச் சொன்னேன். அவனுக்கு அது புரிந்திருக்குமா என்று கேட்டு, கேட்டது அபத்தம் என்று அவருக்கே தோன்றியதால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். முன்கூட்டியே சொல்லாததற்கு என்னையோ தாவீதையோ திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் உபதேசியார் ஆறுதல் சொல்ல வந்தார். எஸ்தர் அம்மாள் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“மழக்காலத்துலயே போய்ட்டான். அதுக்கப்பால எத்தினி ஜெபம் பண்ணிட்டேன் உபதேசியாரே. அதெல்லாம் எங்க போச்சி?”

“தெரியலம்மா” என்றார் அவர். அவர் வேறு ஏதாவது வசனம் சொல்லிச் சமாளிக்காததற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். அவன் இப்போது கர்த்தரிடம் இருக்கிறான். மரித்தவர்களுக்காக நம் சபையில் விண்ணப்பம் செய்வதில்லை, அது எஸ்தர் அம்மாளுக்கே தெரியும். இனி ஜெபமெல்லாம் இருக்கிறவர்களுக்குத்தான். பேராவது சொல்லலாமா என்று கேட்டார் எஸ்தர் அம்மாள். அவனைக் கொடுத்ததற்காக நன்றி சொல்லலாம், கேட்க ஒன்றும் இல்லை என்றார் உபதேசியார்.

“ஒண்ணும் கேக்காம எப்டி அவன் பேரச் சொல்றது? எனக்கு அப்டிச் சொல்லிப் பழக்கமில்லியே.”

காப்பி ஆறிவிட்டது. உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் கிளம்பத் தயாரானேன். கிளம்புமுன் ஜெபம். எஸ்தர் அம்மாள் முட்டிபோடுவாரா என்று தாவீது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். போட்டார். முக்காடு போட்டுக்கொண்டு, கர்த்தாவே என்று தொடங்கினார். என் பிரயாணத்துக்காகக் கேட்டார், கன்னியம்மாவின் மகனுக்காகக் கேட்டார். பிள்ளைகளிடம் வந்தார். சாராளுக்குச் சுகம் கேட்டார். அடுத்த பெயருக்கு வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. மேரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே சாலையில் ஏதோ வண்டி போய் ஓய்ந்தது. பிறகு தாவீது என்றார். தாவீதின் கையைக் காத்தருளும் என்றார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் சாமுவேல் செத்தது அந்த நிமிஷத்தில்தான்.

பஸ் நிறுத்தம் வரை தானே வருகிறேன் என்று எஸ்தர் அம்மாள் கூட நடந்தார். தாவீதை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். யாரும் இல்லை. என் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசினார். நான் வேளாங்கண்ணிக்குப் போகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“உங்க கோயில்ல செத்தவங்களுக்கும் கேப்பாங்களாமே தம்பி. மெய்யா?”

கேட்போம், அதற்கென்று கல்லறைத் திருநாளே உண்டு என்றேன்.

“அது தப்பு இல்லியா?”

எங்களுக்குத் தப்பு இல்லை என்றேன். அவர் யோசித்தார். அவருக்குத் தப்புதான், அதனால் அவர் கேட்க மாட்டார், கர்த்தர் வேண்டாம் என்றதை இந்த வயதில் செய்ய மாட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் சொன்னதைவிடத் தனக்கே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். ஆவடி பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்ததும் சட்டென்று என் பையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தார்.

“உனுக்குத்தான் தப்பு இல்லியே. நீ கேளு. இன்னா கேக்கணுமோ எனக்குத் தெரியல, அங்க இன்னா தேவையோ அத கேளு. ஊருக்குப் போயும் உட்டுடாத. தெனமும் கேளு.”

எனக்கு ஜெபிக்கத் தெரியாது என்பதை வெள்ளிக்கிழமை ஊரே பார்த்தது. அதைச் சொல்ல அது நேரமில்லை. கேட்கிறேன் என்றேன். பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்று, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தினார்.

“நான் கேக்கச் சொன்னேன்னு மட்டும் கர்த்தராண்ட சொல்லிடாத தம்பி.”

சொல்ல மாட்டேன் என்றேன்.